கட்டியங்காரன் இருக்க கவலை ஏன்? தாயக்கட்டையை எடுங்க... கதைக்குள்ள போகலாம்!

திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய கூத்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்கு மேலே துரியோதனனின் கிரீடம் மட்டும் தெரியும். முன்னால் கட்டியங்காரன் நிற்பான். "யாருய்யா அது? எந்த ஊரு? என்னா சோலியா இங்க வந்த?" என்று கேட்பான். வந்தவர் பாட்டிலேயே பதில் சொல்வார். பாட்டு புரியாதவர்களுக்காகக் கட்டியங்காரனே அதைப் பேச்சுத் தமிழில் எடுத்துச் சொல்வான். நடுவில் உள்ளூர்ப் பஞ்சாயத்து, பஸ் வராத கதை எல்லாம் வந்து போகும். பாரதத்தில் ஒரு வரிகூடத் தெரியாத குழந்தையும் அரை மணி நேரத்தில் கதைக்குள் உட்கார்ந்திருக்கும்.

கடலூர், பண்ருட்டி, விழுப்புரம், செஞ்சி பக்கம் தலைமுறை தலைமுறையாக நடக்கிற ஏற்பாடு இது. கிட்டத்தட்ட இதே ஏற்பாட்டைச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விளையாட்டாக ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 'டேபிள்டாப் ரோல்-பிளேயிங் கேம்' என்பார்கள். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' வெப் சீரிஸில் நான்கு பையன்கள் நிலவறையில் உட்கார்ந்து பகடை உருட்டிக் கத்துவார்களே, அதுதான்.

விஷயம் ரொம்ப எளிமை. ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதைசொல்லி ஒரு நிலைமையைச் சொல்லிவிட்டு, "நீ என்ன பண்றே?" என்று கேட்பார். ஆட்டக்காரர் தன் பாத்திரமாக நின்று பதில் சொல்வார். அது நடக்குமா, நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்பு சொல்லும். கேரம், செஸ் மாதிரி ஜெயித்தவர், தோற்றவர் கிடையாது. எல்லோரும் சேர்ந்து ஒரு கதையைக் கட்டுகிறார்கள். போர்டுகூடத் தேவையில்லை.

இவ்வளவு எளிமையான விளையாட்டைக் கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஆட நினைத்தால் என்ன ஆகும்? முதலில் கைக்கு வருவது தடிமனான ஆங்கிலப் புத்தகம். எல்ஃப், டுவார்ஃப் என்று கேள்விப்படாத இனங்கள். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள். இன்கம்டாக்ஸ் படிவம் மாதிரி கட்டம் கட்டமாக ஒரு பாத்திரத் தாள். அதை நிரப்புவதற்குள் கரன்ட் போய் வந்துவிடும். அப்புறம் 'இது நமக்கில்லப்பா' என்று மொபைலைக் கையில் எடுப்பதுதான் நடக்கும்.

டாக்டர் எழுதிய கோனார் நோட்ஸ்

புதியவர்கள் இப்படித் திணறுவது இங்கே மட்டுமல்ல, இன்று நேற்றும் அல்ல. இந்த வகையின் முதல் விளையாட்டான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர் உருவாக்கியது. மூன்று சின்னப் புத்தகங்கள், முதல் பதிப்பு 1,000 பிரதிகள். போர் விளையாட்டு ஆடிப் பழகியவர்களுக்காக எழுதப்பட்டதால், வேறொரு போர் விளையாட்டின் விதிகளும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. காட்டுப் பயணம் வந்தால், இன்னொரு கம்பெனி விற்ற விளையாட்டின் வரைபடத்தை எடுத்து விரித்துக்கொள்ளச் சொன்னது. சமையல் குறிப்பில் 'மீதியைப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளவும்' என்று எழுதுகிற மாதிரி!

அப்போது உதவிக்கு வந்தவர் ஒரு நரம்பியல் டாக்டர். ஜே. எரிக் ஹோம்ஸ் என்று பெயர். புதியவர்களுக்குப் புரிகிற மாதிரி விதிகளைத் தொகுத்துத் தருகிறேன் என்று அவரே முன்வந்தார். 1977-ல் அது ஒரு பெட்டியாக வந்தது. எல்லா விதிகளையும் அவர் கொடுக்கவில்லை. பாத்திரங்களின் முதல் மூன்று படிநிலைகளோடு நிறுத்திக்கொண்டார். அப்புறம் வேண்டுமென்றால் பெரிய புத்தகத்துக்குப் போ என்பது கணக்கு. கோனார் நோட்ஸ் மாதிரிதான்.

இந்தப் பெட்டியைப் பற்றி ஒரு சுவாரஸ்யம். 1979 வாக்கில் விற்பனை எகிறி, பகடைகளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. கம்பெனி அசரவில்லை. எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் பெட்டியில் போட்டு அனுப்பியது. கோப்பையில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்க வேண்டும். நம்மூர் திருவுளச்சீட்டு! விலை உயர்ந்த விசேஷப் பகடை இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லலாம்.

1983-ல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய சிவப்புப் பெட்டி இன்னும் ஒரு படி போனது. அதில் விதிகள் முதலில் வராது. கதை வரும். 'நீ ஒரு போர்வீரன், குகைக்குள் நுழைகிறாய்' என்று ஆரம்பித்து, பாம்பு சீறும் இடத்தில் பகடை உருட்டச் சொல்லிக் கொடுக்கும். வழியில் அலீனா என்று ஒரு தோழி கிடைப்பாள். கொஞ்ச நேரத்தில் அவளை ஒரு மந்திரவாதி கொன்றுவிடுவான். 40 வருடம் கழித்தும் அலீனாவை நினைத்து வருத்தப்படுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். விதியைப் படித்தோம் என்ற நினைப்பே இல்லாமல் அவர்கள் விளையாட்டைக் கற்றுக்கொண்டது அந்த வருத்தத்தில்தான்.

விலை என்ற தடையும் இப்போது பெருமளவு இல்லை. 2023 ஜனவரியில் இந்த விளையாட்டின் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். தமிழில் ஒருவர் எழுத உட்கார்ந்தால் சட்டம் குறுக்கே வராது.

கிருஷ்ணகிரி வழியாக ஒரு பாதை

மீதி இருப்பது, கதை நடக்கிற உலகம். பனிமலையும் டிராகனும் கோட்டையுமாக இருக்கும் உலகத்தில், வெயிலில் வளர்ந்த பிள்ளை என்னவாக நிற்கும்?

இதற்குப் பதில் தேடிய ஒருவருக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'சாந்தி பவன்' என்ற உறைவிடப் பள்ளி இருக்கிறது. மிக ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே சேர்த்து, இலவசமாகப் படிக்கவைக்கும் பள்ளி. 1997-ல் ஆபிரகாம் ஜார்ஜ் தொடங்கியது. 2017-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'டாட்டர்ஸ் ஆஃப் டெஸ்டினி' இந்தப் பள்ளி மாணவிகளைப் பற்றியதுதான். இந்த அமைப்பின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த அஜித் ஜார்ஜ், இன்னொரு பக்கம் ரோல்-பிளேயிங் கேம் எழுத்தாளர். அவர் முன்னின்று உருவாக்கி 2022 ஜூலையில் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' புத்தகத்தில் 13 கதைகள். அத்தனையும் கறுப்பின, பழுப்பின எழுத்தாளர்கள் எழுதியவை. அதில் ஒன்றை எழுதியவர் கொல்கத்தாவில் வளர்ந்த மிமி மண்டல். வங்காளத்தை நினைவூட்டும் சங்கபூமி என்ற நாட்டில் அந்தக் கதை நடக்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியாகி 48 வருடம் கழித்து வந்த புத்தகம் இது. கடலூருக்காக இன்னொரு 48 வருடம் காத்திருக்கத் தேவையில்லை. ஏனென்றால், பகடையில் முடிவான ஒரு சம்பவம் கடலூர் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1690. தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை, செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அதுதான் பிறகு செயின்ட் டேவிட் கோட்டை ஆனது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும், குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊர்கள் கம்பெனிக்கு. இதுதான் ஒப்பந்தம்! நல்ல பீரங்கியாகப் பார்த்து, கைதேர்ந்த ஆளை வைத்து, எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் சுடச் சொன்னது மதராஸ் நிர்வாகம். பல திசைகளில் சுட்டார்கள். கடலூரும் சுற்றியிருந்த கிராமங்களும் கம்பெனி கைக்குப் போயின. 'குண்டு கிராமங்கள்' என்ற பேச்சு இன்றும் இருக்கிறது. குண்டு உப்பலவாடி தன் பெயரிலேயே அதைச் சுமந்துகொண்டிருக்கிறது.

அந்தக் குண்டு எங்கே விழும் என்று முந்தின நாள் ராத்திரி ஊர்க்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள்? அதைப் பற்றி ஆவணங்களில் ஒன்றும் கிடையாது. ஆட்டத்துக்கு வேண்டியது அந்தக் காலி இடம்தான்.

கட்டை நம்முடையது

இருபது முகப் பகடைக்கு ஆர்டர் போட வேண்டாம். வைகுண்ட ஏகாதசி ராத்திரிக்கு மட்டும் வெளியே வருகிற தாயக்கட்டையை எடுங்கள். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 1, 2, 3, ஒரு வெறும் பக்கம். மொத்தம் 16 விதமாக விழலாம். பல வீடுகளில் தாயம், 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம் உண்டு. அதாவது, எது நல்ல எண் என்று ஆயாவுக்கு ஏற்கெனவே தெரியும். அதையே விதியாக்கிவிடலாம்.

தாயம், 5, 6, 12 விழுந்தால் நினைத்தது அப்படியே நடக்கும். 16-ல் 6 முறை இது விழும். 3 அல்லது 4 விழுந்தால் நடக்கும், ஆனால் கூடவே ஒரு சிக்கல் வரும். இதற்கு 16-ல் 7 வாய்ப்பு. 2 விழுந்தால் நடக்காது. இதற்கு 3 வாய்ப்புதான். சிக்கலுக்கு அதிக இடம் இருப்பதைக் கவனியுங்கள். வெறும் ஜெயமும் வெறும் தோல்வியும் கதையை அங்கேயே நிறுத்திவிடும். 'நடந்துச்சு, ஆனா...' என்பதுதான் அடுத்த காட்சியைப் பெற்றுப்போடும்.

பாத்திரத்துக்குப் பெயர், தொழில், பயம் என்று மூன்று விஷயம் போதும். எழுதக்கூட வேண்டாம், வாயால் சொன்னால் போதும். தன் தொழில் சம்பந்தப்பட்ட வேலையென்றால் இரண்டு தடவை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். முழு வெற்றிக்கு அப்போது 100-க்கு 61 வாய்ப்பு. விதிகள் முடிந்தன.

செம்மண்டலத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். காலேஜ் படிக்கிற அக்கா கதைசொல்லி. ஏழாவது படிக்கிற தம்பி கட்டுமரக்காரர் வீட்டுப் பையன். அம்மா நெசவாளி. ஆயா மீன்காரம்மா.

"நாளைக்குக் காலையில பீரங்கி சுடப்போறாங்க. நம்ம ஊரு சரியா ஓரத்துல இருக்கு. குண்டு வந்தாலும் வரும், வராமலும் போகும். இன்னிக்கு ராத்திரி உங்க கையில. என்ன பண்றீங்க?"

"வந்தா நல்லதுதான்டி. கம்பெனிக்காரன் துணி வாங்குவான். நமக்குப் பொழப்பு நடக்கும்" என்கிறார் அம்மா.

"உனக்குத் துணி விக்கணும்னு ஊரையே குடுத்துடுவியா?" ஆயா விடுவதாக இல்லை. "நான் கோட்டைக்குப் போறேன். மருந்துல தண்ணிய ஊத்திட்டா குண்டு எங்கருந்து போவும்?"

"சரி ஆயா. வாசல்ல காவக்காரன் நிக்கிறான். கூடையப் பாத்துட்டு மறிக்கிறான்."

"தொரைக்கு மீனு கொண்டாந்திருக்கேன், லேட்டானா உன்னதான் ஏசுவாரும்பேன்."

"மீன் விக்கிறது உன் தொழில். ரெண்டு தடவ உருட்டு."

முதலில் 2. அடுத்து 4. "நாலு! நம்பிட்டான் ஆயா. ஆனா, கூடைய இங்கயே வெச்சிட்டு மீன மட்டும் கையில எடுத்துக்கிட்டுப் போன்றான்."

"அடப்பாவி! கூடைக்கு அடியிலதானே தண்ணிச் சொம்பு இருக்கு!"

தம்பி எழுந்து நிற்கிறான். "ஆயா, நான் கடல்ல குதிச்சு நனைஞ்சிக்கிட்டுப் பின்பக்கமா வரேன். என் வேட்டியப் புழிஞ்சா ஒரு சொம்புத் தண்ணி வரும்!"

இந்த யோசனை எந்த விதிப்புத்தகத்திலும் இருக்காது. ஆயாவுக்கு ரோல்-பிளேயிங் என்ற வார்த்தை தெரியாது, படிக்கவும் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் பத்து நிமிடத்தில் அவர்தான் இந்த மேஜையில் ரொம்ப ஆபத்தான ஆள். கடைசியில் கட்டை 2 விழுந்து, குண்டு ஊரைத் தாண்டிப் போனாலும் போகலாம். சரித்திரத்தில் நடந்தது அதுதான்.

இதில் அக்கா செய்தது இரண்டு விஷயம். கட்டியங்காரன் மாதிரி, புரியாததை அப்போதே பேச்சில் சொல்லிவிட்டாள். விதி தேவைப்பட்ட நொடியில் மட்டும் விதியைச் சொன்னாள். செய்யாத ஒன்றும் இருக்கிறது. 'ஆயா, நீ வேற வழி யோசி, இது சரிப்படாது' என்று சொல்லவில்லை. புதியவர்களைத் துரத்துவது பெரும்பாலும் தடிமனான புத்தகம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, 'அப்படிச் செய்யாத, இப்படிச் செய்' என்று ஒவ்வொரு முறையும் திருத்துகிற பழைய ஆட்டக்காரர்தான். அவருக்கு ஒரு வேலை கொடுத்து உட்காரவைப்பது நல்லது. டீ போடச் சொல்லலாம்.

பேசக் கூச்சப்படுகிறவர்களை மேடையில் ஏற்றுகிற மாதிரி 'நடி, நடி' என்று சொல்லவும் கூடாது. 'நான் போய்ப் பேசுறேன்' என்று ஒருவர் சொன்னால் அதுவும் ஆட்டம்தான். குரல் மாற்றி வசனம் பேசினால்தான் ஆட்டம் என்று இல்லை. சத்தமாகப் பேசுகிற மாமா ஒருவரே கதையை இழுத்துக்கொண்டு போவதும் நடக்கும். கேள்வி வரிசையாக எல்லோரிடமும் போக வேண்டும். அது கதைசொல்லியின் பொறுப்பு.

கடலூர்க்காரர்கள் மேஜையில் இன்னொன்றும் தேவை. கதை கடற்கரையில் நடக்கிறது. சுவாரஸ்யத்துக்காக, 'பெரிய அலை ஒண்ணு எழும்பி வருது' என்று கதைசொல்லி ஒரு வரி சொல்லிவிடுவது ரொம்ப சுலபம். 2004 டிசம்பர் 26-ல் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தேவனாம்பட்டினம் கடுமையாக அடிபட்ட ஊர். மேஜையில் உட்கார்ந்திருக்கும் அத்தை அன்றைக்கு யாரைப் பறிகொடுத்தார் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இதற்காக ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் உருவாக்கிய 'எக்ஸ் கார்டு' உலகம் முழுக்கப் பல மேஜைகளில் இருக்கிறது. ஒரு அட்டையில் பெருக்கல் குறி போட்டு நடுவில் வைத்துவிடுவார்கள். கதையில் ஏதாவது ஒன்று மனதைக் கிளறினால் அதைத் தொட்டால் போதும். அந்தப் பகுதியை நீக்கிவிட்டு ஆட்டம் வேறு பக்கம் போகும். ஏன் தொட்டாய் என்று யாரும் கேட்கக் கூடாது. நம் வீடுகளில் 'ஏன்?' என்று கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம். அட்டையை வைக்கும்போதே பெரியவர்களிடம் இதை இரண்டு தடவை சொல்லிவிட வேண்டும். சுனாமி வேண்டாம், பேய் வேண்டாம், சாமியைக் கிண்டல் பண்ண வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே பேசி ஒதுக்கிவைப்பதும் உண்டு. தாராளமாகச் செய்யலாம்.

முதல் ஆட்டத்துக்கு கதைசொல்லியோடு சேர்த்து நாலு பேர் சரியாக இருக்கும். ஆறு பேருக்கு மேல் போனால் தன் முறை வருவதற்குள் சின்னவர்கள் தூங்கிவிடுவார்கள். இரண்டு மணி நேரத்தில் முடிகிற கதையாக எடுங்கள். சிதம்பரம் பக்கம் இருப்பவர்கள் பீரங்கியை விட்டுவிட்டு பிச்சாவரத்துக்குப் போகலாம். சுரபுன்னைக் காட்டுக்குள் படகு வழி தவறிவிட்டது, பொழுது சாய்கிறது, படகில் ஒருவர் எதையோ மறைக்கிறார். இந்த மூன்று வரி போதும், மீதியைப் படகில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஹாஸ்டல் பிள்ளைகளிடம் தாயக்கட்டை இல்லாவிட்டால், புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துக்கொள்ளலாம். எண்ணிக்கைக் கணக்கை மட்டும் தங்களுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ள வேண்டும்.